பெட்டியின் அடியில் ஒட்டிய தேதி

மைதாப் பசை காய்ச்சத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். தெரியும், எல்லோரும் தூக்குவீர்கள். டெல்லியில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் வளர்ந்த நம் வயதுக்காரர்களில் பசையைக் காசு கொடுத்துக் கடையில் வாங்கியவர் யார்? ஒரு கரண்டி மைதா, ஒரு தம்ளர் தண்ணீர், கட்டி தட்டாமல் கிண்டி இறக்கினால் ஆயிற்று. அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி அரித்துவிடும் என்று எனக்குச் சொன்னவன் அண்ணன். "விஷத்த அடுக்களைக்குள்ள கொண்டு வந்த, கைய ஒடிச்சிருவேன்" என்று சொன்னவள் அம்மா. ஆகவே என் பசையில் துத்தம் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்தப் பசை ஒரு பிறந்தநாள் பெட்டிக்காகக் காய்ச்சியது. எனக்கு அப்போது பத்து வயது, வீடு லக்ஷ்மிபாய் நகரில். ஜனக்புரியில் இருந்த என் தங்கைக்கு ஆறு வயது நிறைகிறது என்று கேக், பலூன், தொப்பி எல்லாம் வைத்துப் பார்ட்டி. எங்களுக்கு அழைப்பு இல்லை. "ஸ்கூல் பிள்ளைங்க மட்டும்தான் அண்ணாச்சி, சின்னதா" என்று சித்தப்பா அப்பாவிடம் சொல்லியிருந்தார். கூடப் பிறந்த தங்கை ஏன் ஜனக்புரியில் இருந்தாள், அவள் பிறந்தநாளுக்கு எங்களுக்கு ஏன் அழைப்பு இல்லை என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் பிறந்த ஒன்றரை மாதத்தில் அம்மாவுக்கு மஞ்சள்காமாலை வந்து ஆஸ்பத்திரியில் படுத்தாள். அப்பா ஆபீஸுக்குப் போவாரா, அண்ணனையும் என்னையும் பார்ப்பாரா, கைக்குழந்தைக்குப் பால் ஆற்றுவாரா? சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லாமல் இருந்தவள். "ரெண்டே மாசம், அக்கா எந்திச்சு நடமாடுத வரைக்கும்" என்று சொல்லித்தான் குழந்தையை வாங்கிக்கொண்டாள். சால்வைக்கு மேல் சித்தப்பாவின் மஃப்ளரையும் சுற்றிக்கொண்டு சித்தி ஸ்கூட்டரில் ஏறியது எனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறது. ஆட்டோவை அப்போது நாம் ஸ்கூட்டர் என்றுதானே சொல்வோம்.

ரெண்டு மாதம் நாலாயிற்று. அம்மா எழுந்து நடமாடினாள். "வெயில் கொறையட்டும்" என்றார்கள். "பல்லு மொளைக்கட்டும்" என்றார்கள். ஒரு நாள் குழந்தை சித்தியைப் பார்த்து "அம்மா" என்று சொல்லிவிட்டது. அதற்குமேல் திருப்பிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை, ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. பெரியவர்கள் பெரிய தப்புகளையெல்லாம் இப்படி ஒன்றுமே செய்யாமல்தான் செய்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சித்தப்பா தகப்பன் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். பிறந்த தேதியையும் ஒன்றரை மாதம் தள்ளி எழுதினார். அப்பாவுக்குச் செய்தி வந்தபோது, "எங்க இருந்தா என்ன, எல்லாம் நம்ம பிள்ளதான்" என்று சொல்லிவிட்டு சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டார்.

தேதி மாறிய விஷயம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அம்மா போட்ட ஒரே சட்டம். "அவ சித்தி பிள்ள. வேற ஏதாவது வாயத் தொறந்து சொன்ன, தோல உரிச்சிருவேன்." எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. சித்தி மகளும் தங்கைதானே, அதனால் என்னை அக்கா என்று கூப்பிடுவதில் ஒரு சிக்கலும் இல்லை. அம்மாவை மட்டும் "பெரியம்மா" என்பாள். "என்னம்மா" என்று பதில் சொல்லும்போது அம்மா அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள், அடுப்பைப் பார்ப்பாள்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சித்தி அவளை அழைத்துவருவாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் ஓடுவது எங்கள் காலண்டரிடம். அவர்கள் வீட்டில் சித்தப்பாவின் பாங்க் காலண்டர், மாதத்துக்கு ஒரு படம். எங்கள் வீட்டிலோ ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்து தரும் தேதி கிழிக்கும் காலண்டர். ஜனவரி முதல் வாரத்தில் ரயிலிறங்கி வருகிறவர்கள் சுருட்டிய காலண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்களே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வீட்டில் தேதி கிழிக்கும் உரிமை எனக்குத்தான். அண்ணன் தொட்டால் கடித்துவைத்துவிடுவேன். அவள் வந்தால் மட்டும் விட்டுக்கொடுப்பேன். நாற்காலியில் ஏற்றிவிடுவேன், சர்ரென்று கிழிப்பாள், "அவுர் ஏக், அக்கா, அவுர் ஏக்" என்று இன்னொன்று கேட்டு நாளைக்குரியதையும் கிழிக்கப் பார்ப்பாள். தமிழில் ஒரு எழுத்து தெரியாது. அந்தச் சத்தம்தான் அவளுக்குப் பிடிக்கும்.

எனக்கு இருந்ததெல்லாம் ஒரே பயம். கேக்கும் பலூனும் கான்வென்ட் சிநேகிதிகளுமாக இவள் எங்களை மறந்தே போய்விடுவாள் என்ற பயம். சித்தி மேல் கோபம் வேறு, அப்படி ஒரு கோபம். அழைக்கவில்லை என்றால் என்ன, பெட்டி போகும், தினம் அவள் திறந்து மூடுகிற மாதிரி ஒரு பெட்டி, என்று முடிவு செய்தேன்.

கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி மகனின் ஷூ டப்பாவைத் தந்தாள். "லே பேட்டா, பில்குல் நயா ஹை." புத்தம் புதுசாம். அம்மா ஒரே பார்வை பார்த்தாள். "செருப்பு டப்பாலயா பொறந்தநாளுக்குக் குடுப்பாங்க? ஆக்கங்கெட்டவளே." சரி என்று புதுச் சட்டைக்குள் மடித்துவரும் அட்டைகளைச் சேர்த்தேன். அண்ணன் தன் ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து கோடு போட்டு, பழைய பிளேடால் வெட்டிக் கொடுத்தான். வெளியே ஒட்டுவதற்குப் பட்டம் விடுகிற காகிதம், ராணிப் பிங்க். வெயில் படும் மாடிப்படியில் பிளேடும் பசைக்கிண்ணமும் வைத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். மைதா வெந்த வாசனையோடு பக்கத்து வீட்டு வேர்க்கடலைத் தோலும் காற்றில் பறந்துவந்து ஈரக் காகிதத்தில் ஒட்டிக்கொண்டது.

உள்ளே என்ன ஒட்டுவது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, முதலிலிருந்தே தெரியும். தேதித் தாள்தான். அதிலும் சிவப்புத் தாள், ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகையும் மட்டும் சிவப்பில் வருமே, அது. கிழித்த தாள்களை அம்மா அடுக்களைக் கம்பியில் குத்திவைப்பாள். பின்பக்கம் சலவைத் துணிக் கணக்கும் கேஸ் வந்த நாளும் எழுதுவாள், விபூதி மடிப்பாள். கம்பியைக் கவிழ்த்துச் சிவப்பையெல்லாம் பொறுக்கினேன். நாலு பக்கச் சுவருக்கும் அடிப்பாகத்தின் ஓரங்களுக்கும் வந்தது. அடியில் நட்ட நடுவே ஒரு தாள் அளவுக்கு இடம் வெறும் அட்டையாகப் பல்லைக் காட்டியது.

அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். சாமி அலமாரியில் விபூதிக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு சின்ன பிஸ்கட் டப்பா. திறந்தால் தனியாக மூன்று பழைய தாள், ரெண்டு கருப்பு, ஒன்று சிவப்பு. வருஷம் பழசு. பின்னால் ஏதோ எழுதியிருந்தது, அம்மாதான் எல்லாத் தாளிலும் எழுதுகிறவளாயிற்றே. சிவப்பை எடுத்துப் பின்பக்கம் பசை தடவி நடுவில் ஒட்டிவிட்டேன். அழகாகப் பொருந்தியது. எனக்கு அவ்வளவு பெருமை.

பெட்டிக்குள் ஆன்ட்டி தந்த கம்பளி நூல் மிச்சத்தில் கட்டிய பொம்மை ஒன்று, பூங்காவில் பொறுக்கிய மயிலிறகு ஒன்று, உருண்டையாகப் பார்த்துச் சேர்த்த அஞ்சு கல் எல்லாம் வைத்தேன். "நீயும் ஏதாவது வையேன்மா" என்றேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தாள், மூடியின் மேல்பக்கத்தை மட்டும்தான் பார்த்தாள். "நான் ஒண்ணும் வைக்கல. நான் வச்சா சித்தி மனசு சங்கடப்படும். பிள்ளைக்குப் பிள்ளை குடுத்ததா இருக்கட்டும்" என்றாள். இதைச் சொன்னவள் வீட்டிலிருந்துதான் அந்தச் சிவப்புத் தாள் போனது.

மூடியைக் கட்ட ரிப்பன் இல்லை. அப்பாவிடம் ஃபைல் கட்டும் டேக் ஒன்று கேட்டேன், பச்சைக் கயிறும் ரெண்டு முனையில் தகரக் குச்சியுமாக இருக்குமே. அப்பா எப்படிப்பட்டவர் என்றால், ஆபீஸ் பென்சிலைக் காதில் செருகியபடி ஒரு தடவை வீடுவரை வந்துவிட்டு, அந்தக் குளிரில் திரும்பச் சைக்கிள் மிதித்துப் போய் வைத்துவிட்டு வந்தவர். "சர்க்கார் சாமான்லாம் கேக்கப்படாது" என்றார். மறுநாள் சாயங்காலம் சட்டைப்பையிலிருந்து ஒரு டேக்கை எடுத்து என் முன்னால் வைத்தார். அப்பா ஆபீஸிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே பொருள் அதுதான். வெள்ளிக்கிழமை சாப்பாட்டுப் பையோடு பெட்டியையும் மாட்டிக்கொண்டு போய், மத்தியானம் பாங்கில் சித்தப்பாவிடம் கொடுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம். ஜனக்புரியில் இப்போது மெழுகுவர்த்தி ஊதுவாள் என்று நான் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா விளக்கேற்றிவிட்டு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். அலமாரியைத் துழாவினாள், விபூதிக் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏட்டி, இதுல இருந்த செவப்புத் தாள எடுத்தியா?"

"பெட்டிக்குள்ள ஒட்டியிருக்கேன்மா. நடுவுல."

அடிக்கப் போகிறாள் என்று தலையைக் குனிந்தேன். அடிக்கவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த மூன்று தாளும் நாங்கள் மூன்று பேரும் பிறந்த தேதிகள். சிவப்பு, அவள் பிறந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை, உத்திரட்டாதி நட்சத்திரம். ஒவ்வொரு மார்கழியிலும் ஒரு நாள் அம்மா பாயசம் வைத்து, ஏன் என்று கேட்டால் "பால் மிஞ்சிப் போச்சு" என்பாளே, அதற்கும் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. பூத்தில் டோக்கனைக் காட்டி ரெண்டு பாட்டில் பால் வாங்குகிற வீட்டில் பால் மிஞ்சுமா? இது தோன்றாத மக்குப் பெண்ணாக இருந்திருக்கிறேன்.

அப்பா வந்ததும் அம்மா சொன்னாள். "பொறந்த தேதிய நடுவுல ஒட்டி, அதுவும் என் தங்கச்சி வேற தேதியில வச்ச பார்ட்டிக்கு அனுப்பிருக்கோம். நான் வேணும்னே செஞ்சேன்னுதான் நெனைப்பா. இனிமே பிள்ளையக் கண்ணுல காட்டுவாளா?"

"சின்னப்பிள்ள செஞ்சதுன்னு சொல்லுவோம்."

"நம்புவாளா?"

அப்பா காலை பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணத் தொடங்கினார். என்னால் அவள் தீபாவளிக்கும் வரமாட்டாள், பொங்கலுக்கும் வரமாட்டாள். மறக்கக்கூடாது என்று பெட்டி செய்து, வரவே விடாமல் செய்துவிட்டேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலையிலேயே ரெண்டு பஸ் மாறிப் போனோம். ஜனக்புரி அப்போது ஊருக்கு வெளியே, வழியில் கடுகு வயல்கூடத் தெரியும். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். சித்தி கதவைத் திறந்து "வா அக்கா" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கூரையில் காற்றுப்போன பலூன்கள் தொங்கின.

தங்கை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அக்கா, தேக்கோ! என் டப்பால நான் என்னெல்லாம் வெச்சிருக்கேன்!" எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தி, கிழிந்த தொப்பி, என் பொம்மை, கல், மயிலிறகு எல்லாவற்றையும் தரையில் கொட்டினாள். அடிப்பாகம் தெரிந்தது. சுற்றிலும் என் சிவப்புத் தாள்கள் அப்படியே இருந்தன. நடுவில் மட்டும், கேக்குக்கு அடியில் வைக்கிற தங்கக் காகிதத்தைச் சதுரமாக வெட்டி ஒட்டியிருந்தது.

அம்மா அதைப் பார்த்தாள். சித்தி அம்மாவைப் பார்த்தாள். ரெண்டு பேரும் அடுக்களைக்குள் போனார்கள். நான் பின்னாலேயே போய்க் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். நல்ல பழக்கம் இல்லைதான்.

"நான் சொல்லி அனுப்பலட்டி. சத்தியமா. இவதான் தெரியாம..."

"தெரியும்க்கா."

"வேணும்னு..."

"தெரியும்னு சொல்லுதேம்லா. டீயக் குடி, ஆறிப்போவுது." ஸ்டவ்வை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சித்தி சொன்னாள். "நேத்து வச்ச தேதி பொய்யின்னு மட்டும் நெனைக்காதக்கா. நீ ஆஸ்பத்திரியில படுத்த அன்னைக்கு அவ என் மடிக்கு வந்தா. அந்தத் தேதி அது. எனக்கு அதுதான் தேதி."

சித்தியைத் திருடி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள் நான். அப்பாவும் அம்மாவும்கூட ஊரை ஏமாற்ற எழுதிய தேதி என்றுதான் நினைத்திருந்தார்கள். ஒருத்தரும் அவளைக் கேட்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அம்மா, "கிழிச்சுப் போட்டிருக்கலாம். கிழிக்கல பாரு, மேலதான் ஒட்டியிருக்கா" என்றாள். அதற்குப் பிறகு அந்தத் தாளைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை. தீபாவளிக்கு அவளும் வந்தாள், வழக்கம்போல நாற்காலியில் ஏறித் தேதி கிழித்தாள்.

அவளுக்குப் பத்து வயதானபோது கோடை லீவில் முதல் தடவையாகச் சித்தி அவளைப் பத்து நாள் எங்கள் வீட்டில் விட்டாள். வந்த அன்றே, "அக்கா, எனக்குத் தமிழ் படிக்கச் சொல்லிக்குடு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூலர் முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு ஸ்லேட்டில் அ, ஆ எழுதினால் அவளுக்குப் பொறுமையில்லை. "புக்ல இருக்கற மாதிரி வேணாம். பெரியம்மா கையால எழுதற மாதிரி எழுதிக்காட்டு" என்பாள். ஒவ்வொரு எழுத்துக்கும் "பெரியம்மா இதை எப்படி எழுதுவாங்க?" என்று கேட்பாள். எட்டே நாளில் பிடித்துக்கொண்டாள். நல்ல வாத்தியார் என்று நான் என்னையே மெச்சிக்கொண்டேன். அந்த வருஷம் தன் வீட்டிலும் தேதி கிழிக்கும் காலண்டர் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள்.

காலேஜில் சேர்ந்த பிறகு தனியாக வரத் தொடங்கினாள். மார்கழியில் ஒரு நாள் கட்டாயம் வருவாள். "சரோஜினி நகர் மார்க்கெட் வந்தேன் பெரியம்மா, அப்படியே எட்டிப் பாத்தேன்" என்பாள். பார்த்தால் அன்றைக்கு அடுப்பில் பாயசம். "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று கேட்பாள். "ஒரு விசேஷமும் இல்ல, பால் மிஞ்சிப் போச்சு. குடி" என்பாள் அம்மா. நட்சத்திரம் வருஷா வருஷம் வேறு வேறு தேதியில் வந்தாலும் அவள் சரியாக அதே நாளில் வந்து நிற்பாள். "சாப்பாட்டு யோகம் உள்ள பிள்ள" என்று அப்பா சிரிப்பார். நானும் அண்ணனும் அதையே சொல்லிச் சிரிப்போம். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும், எங்கள் வீடு மாறிய பிறகும் வந்தாள். அந்தப் பக்கத்தில் அவளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு வேலை இருந்தது.

அப்பா போனார். ஏழு வருஷத்துக்கு முன் அம்மா போனாள். போன புரட்டாசியில் சித்தியும் போனாள். காரியமெல்லாம் முடிந்து ஜனக்புரி வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தவள், ஒரு மத்தியானம் மெட்ரோ பிடித்து துவாரகாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். ராணிப் பிங்க் வெளுத்துப் பழைய துணி நிறமாகியிருந்தது. பச்சை டேக் மட்டும் அப்படியே இருந்தது, சர்க்கார் சாமான் அல்லவா.

திறந்து, அடியிலிருந்த தங்கக் காகிதத்தை நகத்தால் நெம்பினாள். அது சுலபமாக வந்தது, கீழிருந்த சிவப்புத் தாளும் கையோடு வந்தது. திருப்பி என் முன்னால் வைத்தாள். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. நடுவில் அம்மாவின் கையெழுத்து. நான் ஒட்டிய தாளைக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழித்து முதல் தடவையாக நான் படித்தேன்.

"மூணாவது. பொண்ணு. காலை 6.10. மூக்கு என்னோடது."

"அரே, என்ன அக்கா, அப்படிப் பாக்கறே? எனக்கு எப்பவோ தெரியும். ஒம்பது வயசுல ஒரு மழைக்காலத்துல பசை விட்டுப்போச்சு. பூச்சி வேற. தங்கக் காகிதம் உதிந்து, இதுவும் கையோட வந்துடுச்சு. பின்னாடி என்னமோ எழுதியிருக்கு, எனக்குப் படிக்கத் தெரியல. அம்மா ஒட்டி மறைச்சதை அம்மாகிட்டயே எப்படிக் கேக்கறது?"

"அதுக்குத்தான் என்கிட்ட எழுத்து கத்துக்கிட்டியா?"

"ஹான். அடுத்த லீவுல. பெரியம்மா வீட்டுல நீங்க ரெண்டே பேரு. மூணாவது யாரு? தாள்ல தேதி இருக்கு, வருஷம் இருக்கு, நட்சத்திரம்கூட இருக்கு. கண்ணாடில போய் மூக்கைப் பாத்தேன். அப்புறம் திரும்ப ஒட்டிட்டேன்."

"அடிப்பாவி! இத்தன வருஷம் ஒரு வார்த்த சொன்னியா?"

"யாருகிட்ட சொல்ல? சொன்னா ரெண்டு பேர்ல ஒருத்தி அழுவா. யாரு அழணும்னு நான் எப்படி அக்கா முடிவு பண்ணுவேன்?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், அம்மாவின் மூக்கை. "வருஷத்துக்கு ஒரு நாள் போய்ப் பாயசம் குடிச்சா போதும்னு வெச்சுக்கிட்டேன்."

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். சொன்னவர் யாராக இருந்தாலும் அன்றைக்கு அந்த மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. உள்ளே போய் அம்மாவின் பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தேன்.

அம்மா போன பிறகு நான்தான் அதைத் திறந்தேன். அண்ணனுடையதும் என்னுடையதுமான ரெண்டு தாளுக்குக் கீழே, ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டுத் தாள் இருந்தது. எல்லாம் மார்கழி, எல்லாம் உத்திரட்டாதி. மேலே இருந்த நாலைந்தைத் திருப்பிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் "வந்தா" என்று ஒரே வார்த்தை. தற்செயலாக வந்த பிள்ளையை இப்படிக் குறித்துவைத்துப் பூரித்திருக்கிறாளே என்று நினைத்து, மீதியைப் பார்க்காமல் மூடிவிட்டேன். என் சோம்பேறித்தனத்துக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

அவள் பொறுமையாக ஒவ்வொன்றாகத் திருப்பினாள். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, எட்டு நாளில் கற்ற தமிழில் வாசித்தாள். "வந்தா. வந்தா. வந்தா." கட்டின் அடிப்பக்கத்துக்கு வந்தபோது, அவள் காலேஜில் படித்த நாளின் தாள் ஒன்றில் விரல் நின்றது. என்னிடம் நீட்டினாள். நான் வாசித்தேன்.

"வந்தா. தெரிஞ்சுதான் வாரா."

மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். ஐம்பத்து நாலு வயசுப் பெண்பிள்ளை, பாங்க் மேனேஜர், சின்னக் குழந்தை மாதிரி அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அம்மாவுக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும், ஒருத்திக்கு ஒருத்தி தெரியாத மாதிரி நடித்துப் பாயசம் கொடுத்தும் குடித்தும் வாழ்ந்திருக்கிறார்கள். சித்திக்கும் தெரிந்திருக்குமோ என்னவோ, தங்கக் காகிதம் ஒட்டியவளுக்கு. அதைக் கேட்க இனி ஆள் இல்லை.

இந்த மார்கழி உத்திரட்டாதியன்று காலையிலேயே போன் வந்தது. "அக்கா, துவாரகா பக்கமா ஒரு வேலையா வந்தேன். மெட்ரோ ஸ்டேஷன்ல இருக்கேன்."

"வா வா. இங்க பால் மிஞ்சிப் போச்சு" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் காலண்டரிடம் போனாள். அவளுக்காக நேற்றைய தாளைக் கிழிக்காமல் விட்டுவைத்திருந்தேன். அதைக் கிழித்தாள். பிறகு அன்றைய தாளையும் சர்ரென்று கிழித்து, என் பேனாவை வாங்கிப் பின்பக்கம் கோணல்மாணலாக "வந்தேன்" என்று எழுதி, அம்மாவின் டப்பாவுக்குள் வைத்து மூடினாள். அப்புறம் பாயசம் ரெண்டு தம்ளர் குடித்தாள்.